அனுபவிக்காத ஓராண்டுத் தண்டனை காலாவதி ஆகுமா?

கேள்வி: வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரரின் கை முறிந்த வழக்கில், 2008-இல் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டம் 325-ஆம் பிரிவின் கீழ் எனக்கு ஓராண்டுக் கடுங்காவலும் 2,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அபராதத்தை அன்றே கட்டினேன். மேல்முறையீடு செய்வதற்காகத் தண்டனையை 30 நாள் நிறுத்திவைத்தார்கள். நான் அதைச் செய்யாமலே மஸ்கட் போய்விட்டேன். இப்போது பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனால் வாரண்ட் நிலுவையில் இருக்கிறது என்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் தண்டனை காலாவதி ஆகியிருக்காதா?

பதில்: ஆகியிருக்காது. அபராதத்தை வசூலிக்கத்தான் சட்டம் பொதுவாக ஆறாண்டு வரம்பு வைத்திருக்கிறது. சிறைத் தண்டனையை நிறைவேற்ற அப்படி எந்த வரம்பும் இல்லை. நீங்கள் பிடிபடும் நாளிலிருந்தோ சரணடையும் நாளிலிருந்தோதான் அந்த ஓராண்டு எண்ணப்படும். வழக்கின்போது ரிமாண்டில் இருந்த நாட்கள் மட்டும் அதில் கழியும்.

வயதுவந்தவரின் தண்டனைப் பதிவை மனுக் கொடுத்து அழிக்கும் ஏற்பாடும் நம் நாட்டில் கிடையாது. (சம்பவத்தன்று உங்களுக்கு 18 வயது நிரம்பியிருக்கவில்லை என்றால் கதையே வேறு, இளஞ்சிறார் என்ற வாதத்தை வழக்கு முடிந்த பிறகும் எழுப்பலாம்.) அரசிடம் தண்டனைக் குறைப்புக் கேட்கலாம் என்று சிலர் சொல்வார்கள், ஆனால் உங்களைப் போன்றவர் சிறையில் இருந்தால்தான் அந்த மனுவை ஏற்பார்கள்.

மிஞ்சுவது, விட்டுப்போன மேல்முறையீட்டை இப்போது செஷன்ஸ் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதுதான். அதற்கான 30 நாள் கெடு என்றோ முடிந்துவிட்டதால், காலவரையறைச் சட்டம் 5-ஆம் பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவும் உடன் வேண்டும். உங்கள் தாமதம் ஆறாயிரம் நாட்களைத் தாண்டுகிறது என்பதால், வழக்கின் உயிரே இந்த மனுவில்தான் இருக்கிறது. உடல்நலமில்லை, வக்கீல் சொல்லவில்லை என்று வழக்கமான வரிகளை எழுதி வைக்காதீர்கள். பழைய பாஸ்போர்ட்டில் உள்ள குடியேற்ற முத்திரைகளை அரசு வக்கீல் பிரமாணப் பத்திரத்தோடு வைத்துப் பார்த்தால் பொய் அங்கேயே உடைந்துவிடும். பிழைப்புக்காகப் போனேன், விளைவு தெரியாமல் விட்டுவிட்டேன் என்ற உண்மையைத் தேதிவாரியாகச் சொல்வதே மேல். போலீஸ் பிடித்துக்கொண்டு வருவதற்கு முன் நீங்களாகவே நீதிமன்றத்தில் முன்னிலையாவது, என் அனுபவத்தில், எந்த வாதத்தையும் விட அதிகம் பேசும்.

முதல் வேலையாகத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். பழைய கட்டு கிடைக்கவில்லை என்று நகல் பிரிவில் சொன்னால் அதோடு திரும்பிவிடாமல், அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தாமதம் மன்னிக்கப்பட்டால், பக்கத்து நிலத்துக்காரர் இன்று உங்களோடு எப்படி இருக்கிறார் என்பதுதான் அடுத்த கேள்வி. 325, காயமுற்றவர் சமாதானமாகப் போக இடமுள்ள பிரிவு. தண்டனைக்குப் பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்துச் சமரசம் பதிவானால் அது விடுதலைக்குச் சமம் என்பதால், தண்டனையை முழுதாகத் துடைக்கும் வழி அதில்தான் இருக்கிறது. அவர் இணங்காவிட்டால், 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்குப் பதிலாக நன்னடத்தைப் பிணையில் விடக் கோரலாம். அதில் குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கும், ஆனால் அதனால் வரும் சட்டத் தகுதியிழப்பு 12-ஆம் பிரிவின்படி ஒட்டாது. இரண்டும் கைகூடாவிட்டால் எஞ்சிய நாட்களைச் சிறையில் கழிக்கத்தான் வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை தடையாக நிற்பது பழைய தண்டனை அல்ல. இரண்டாண்டுக்குக் குறையாத தண்டனை, அதுவும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்தாண்டுக்குள் விதிக்கப்பட்டது என்றால்தான், தண்டனையைக் காட்டிப் பாஸ்போர்ட்டை மறுக்கும் சட்ட உட்பிரிவு பொருந்தும். உங்களை மறிப்பது நிலுவையிலுள்ள வாரண்ட். செஷன்ஸ் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்ததும், நடுவர் நீதிமன்றத்தில் வாரண்டைத் திரும்பப்பெறும் உத்தரவை வாங்கி, அதன் நகலைக் காவல் நிலையத்திலும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நிலையப் பதிவேட்டில் அடிக்காமல் விட்ட ஒரு வரி பாஸ்போர்ட்டுக்கான அடுத்த போலீஸ் விசாரணையிலும் உங்களை நிறுத்திவைக்கும்.