3டி படம் எடுக்கிறீர்களா? கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

ஒரே மாடல் போன் இரண்டு இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தால் 3டி வந்துவிடுமா சார்?

வரும், தாராளமாக ஆரம்பியுங்கள். முதலில் இரண்டிலும் ஃபோகஸ், எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் லாக் செய்துவிடுங்கள். ஸ்டெபிலைசேஷனைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு போனும் தன் போக்கில் படத்தை நகர்த்தும், இடக்கண் படமும் வலக்கண் படமும் பொருந்தவே பொருந்தாது.

ரெக்கார்டிங் தொடங்கியதும் ஒரு முறை கைதட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தச் சத்தத்தை வைத்து இரண்டையும் சேர்த்துவிடலாம். அப்படிச் சேர்த்த பிறகும் அதிகபட்சம் அரை ஃப்ரேம் பிசகு மிஞ்சும். நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுத்தால் அது 1/60 நொடி. உட்கார்ந்து பேசுபவரிடம் தெரியாது. துள்ளும் பந்து அதற்குள் கொஞ்சம் நகர்ந்துவிடும். ஒரு கண்ணில் மேலேயும் மறு கண்ணில் கீழேயும் தெரியும். அதனால் 60 ஃப்ரேமில் எடுங்கள், பிசகு பாதியாகிவிடும்.

இரண்டு லென்ஸுக்கும் நடுவில் 6.5 செ.மீ. விடவேண்டும் என்கிறார்களே?

அது நம் இரு கண்களுக்கு இடையிலான சராசரி தூரம், அவ்வளவுதான். கேமராவுக்கு அதைச் சட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஃப்ரேமில் மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தை 30ஆல் வகுத்துப் பாருங்கள். 2 மீட்டரில் ஆள் நின்றால் 6.7 செ.மீ. வரும், சரி. 60 செ.மீ. தள்ளி ஒரு பூவை எடுத்தால் 2 செ.மீ.தான். தொலைவில் உள்ள மலைக்கு இடைவெளியை அகட்டலாம். ஆழம் கூடும், ஆனால் அளவு மீறினால் மலை பொம்மை போலத் தெரியும்.

பெரிய கேமராக்களை 2 செ.மீ.க்கு நெருக்க முடியாது. அதற்குத்தான் இரு கேமராக்களையும் பொருத்தும் கண்ணாடி ரிக் என்ற சட்டகம். 45 டிகிரியில் சாய்த்த, பாதி ஒளியை உள்ளே விட்டுப் பாதியைப் பிரதிபலிக்கும் கண்ணாடி வழியே ஒரு கேமரா நேராகப் பார்க்கும், இன்னொன்று அதில் விழும் பிம்பத்தை எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் பாதி வெளிச்சம்தான் போகும் என்பதால் லைட்டிங்கை அதற்கேற்பக் கூட்டவேண்டும்.

கம்ப்யூட்டரில் பார்த்தபோது அருமையாக இருந்தது. பெரிய திரையில் போட்டதும் எல்லோரும் தலைவலி என்கிறார்கள். ஏன்?

நிறையப் பேர் விழும் குழி இது. கணக்கோடு சொல்கிறேன். பின்னணியில் ஒரு மரம் இருக்கிறது. இடக்கண் படத்தில் இருப்பதைவிட வலக்கண் படத்தில் அது படத்தின் அகலத்தில் 2 சதவீதம் வலப்பக்கம் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 50 செ.மீ. அகல மானிட்டரில் அது 1 செ.மீ. கண்ணுக்கு எந்தச் சிரமமும் இல்லை. அதே படம் 10 மீட்டர் திரைக்குப் போனால் இடைவெளி 20 செ.மீ.! நம் கண்களுக்கு நடுவிலேயே 6.5 செ.மீ.தான் இருக்கிறது. அந்த மரத்தை ஒன்றாகப் பார்க்க இரு விழிகளும் வெளிப்பக்கமாக விலகவேண்டும். நிஜ வாழ்க்கையில் கண் ஒருபோதும் செய்யாத வேலை அது.

எனவே பின்னணியின் இடைவெளி திரையில் 6.5 செ.மீ.ஐத் தாண்டக்கூடாது. 10 மீட்டர் திரைக்கு அது 0.65 சதவீதம். 1920 பிக்சல் அகலப் படத்தில் சுமார் 12 பிக்சல். குழந்தைகளின் கண்கள் இன்னும் நெருக்கமானவை, எனவே 10 பிக்சலைத் தாண்டாதீர்கள். எந்தத் திரையில் காட்டப்போகிறோம் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவுசெய்யுங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

இன்னொரு காரணம் மேல்-கீழ் பிசகு. இரு படங்களுக்கும் பக்கவாட்டில்தான் வித்தியாசம் இருக்கலாம். ஒரு படத்தை அடியில் இருப்பது தெரியும்படி 50 சதவீதம் ஊடுருவலாக்கி இன்னொன்றின் மேல் போட்டு, மேஜை விளிம்பையோ ஜன்னல் சட்டத்தையோ பாருங்கள். ஒன்று சற்றே மேலே ஏறியிருந்தாலோ சாய்ந்திருந்தாலோ திருத்திய பிறகுதான் அடுத்த ஷாட்டுக்குப் போகவேண்டும்.

கேமராக்களை லேசாக உள்பக்கம் திருப்பி வைக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. இரு படங்களும் ஒரு ஓரம் உயரமாக, மறு ஓரம் குட்டையாக, ஒன்றுக்கொன்று எதிரெதிராக ஆகி, மூலைகளில் அதே மேல்-கீழ் பிசகு வரும். இணையாக வைத்துக் கொஞ்சம் அகலமாக எடு. ஆழத்தைச் சரிசெய்ய எடிட்டிங்கில் இரு படங்களையும் பக்கவாட்டில் நகர்த்திக்கொள், ஓரத்தில் கொஞ்சம் வெட்டுப்படும், அவ்வளவுதான்.

கை திரையை விட்டு வெளியே நீளும் காட்சி எடுத்தேன். வெளியே வந்த மாதிரியே இல்லை.

ஃப்ரேமின் இடது ஓரத்திலிருந்து கை நுழைந்திருக்கும், சரியா? திரையின் விளிம்பு பின்னால் இருக்கிறது, கை முன்னால் இருக்கிறது. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதை எப்படி வெட்டும்? மூளை குழம்பி, கையையும் திரைக்கே தள்ளிவிடும். ஓரங்களைத் தொடாமல் நடுவிலிருந்து கையை நீட்டச் சொல்லுங்கள். திரும்ப எடுக்க வழியில்லையென்றால், இடக்கண் படத்தின் இடது ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கறுப்புப் பட்டை போடுங்கள். அந்தப் பக்கத்து விளிம்பே பார்வையாளரை நோக்கி முன்னால் வந்துவிடும். பட்டை இருப்பது யார் கண்ணிலும் படாது.

சிவப்பு-நீலப்பச்சைக் கண்ணாடிக்குப் படம் செய்கிறேன். சிவப்புச் சட்டை மினுமினுக்கிறது.

இடக்கண்ணின் சிவப்புத் தாளில் அது பளிச்சென்றும், வலக்கண்ணில் கிட்டத்தட்டக் கறுப்பாகவும் தெரிவதால் கண்கள் இரண்டும் சண்டை போடுகின்றன. இதற்கென்று வகுக்கப்பட்ட டுபுவா முறையில் நிறங்களைக் கலந்தால் பெருமளவு அடங்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளின் ஸ்டீரியோ3டி ஃபில்டரில் அது இருக்கிறது. மூலப்படத்தை இரு படங்களும் அருகருகே இருக்கும்படியே சேமித்து வையுங்கள், கடைசியில் மாற்றிக்கொள்ளலாம். சாதாரண வீடியோ கம்ப்ரஷன் நிற விவரத்தைக் குறைத்துவிடும். இந்த முறையிலோ நிறம்தான் இரு கண்களின் படங்களையும் பிரிக்கிறது. பிட்ரேட்டில், அதாவது நொடிக்கு ஒதுக்கும் தரவின் அளவில், கஞ்சத்தனம் வேண்டாம்.

தியேட்டரில் தரும் போலராய்டு 3டி கண்ணாடியை வீட்டில் பயன்படுத்த முடியுமா?

இரண்டு புரொஜெக்டர், அவற்றின் முன் போலராய்டு ஃபில்டர், வெள்ளிப் பூச்சுள்ள திரை மூன்றும் இருந்தால் முடியும். வெள்ளைச் சுவர் ஒளியின் போலரைசேஷனை, அதாவது ஃபில்டர் ஒழுங்காக்கிய அதிர்வுத் திசையை, கலைத்துவிடும். இரு கண்ணுக்கும் இரு படமும் தெரியும். அதைவிட, 120 ஹெர்ட்ஸ் புரொஜெக்டரும், இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறிமாறி மறைக்கும் ஷட்டர் கண்ணாடியும் வீட்டுக்கு எளிது.

ஷாட்டுக்கு ஷாட் எவ்வளவு வேகமாக வெட்டலாம்?

வழக்கத்தைவிட மெதுவாக. ஒரு ஷாட்டில் முகம் திரைக்கு முன்னால் நின்று, அடுத்ததில் சட்டென்று ஆழத்துக்குப் போனால், கண் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் ஷாட் முடிந்துவிடும். வெட்டும் இடத்தில் இரு ஷாட்டிலும் முக்கியமான ஆளின் ஆழம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி இடக்கண், வலக்கண் படங்களைப் பக்கவாட்டில் நகர்த்திவிட்டு, அடுத்த சில ஃப்ரேம்களில் படிப்படியாக உரிய இடத்துக்குக் கொண்டுபோங்கள்.