ஒரே குடும்பத்துக்கு இரண்டு வம்சாவளி ஃபைல், எப்படி ஒன்றாக்குவது?

கீழக்கரையில் உங்களிடம் ஒன்று, துபாயில் மச்சானிடம் ஒன்று, ஆளாளுக்குச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறீர்கள், சரி. முதலில் இரண்டு பேரும் எழுதுவதை நிறுத்துங்கள். இரண்டு ஃபைலையும் தேதி போட்டு நகலெடுத்து வையுங்கள், அப்புறம்தான் மற்றது.

கிராம்ப்ஸ் என்ற வம்சாவளி மென்பொருள் இலவசம், அது போதும். ஆனால் மச்சானின் ஜெட்காம் ஃபைலை (வம்சாவளி மென்பொருள்களுக்கிடையே தகவலை மாற்றிக்கொள்ளும் பொதுவான வடிவம்) உள்ளே இழுத்ததும் அதுவே பார்த்து இணைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்; எல்லாரையும் புது ஆட்களாகக் கொட்டிவிடும், உங்கள் வாப்பா இரண்டு பேராக நிற்பார். ஒரே மாதிரி இருப்பவர்களைத் தேடிக் காட்டும் வசதி அதில் இருக்கிறது, அதை ஓட்டி ஒவ்வொரு ஜோடியாகக் கண்ணால் பார்த்து இணையுங்கள்.

நம்ம கரையில் பெயரை மட்டும் நம்பவே கூடாது. ஏர்வாடி தர்காவில் அடங்கியிருக்கும் இப்ராகிம் பாதுஷாவை நினைத்து வீட்டுக்கு வீடு ஓர் இப்ராகிம் உண்டு, அதிலும் பாட்டனார் பெயர்தான் பேரனுக்கு. நான் ஒருமுறை அவசரத்தில் அந்த இருவரையும் இணைத்துவிட, மனிதர் தனக்குத்தானே பாட்டனார் ஆகிவிட்டார்! மனைவி பெயர், உம்மா பெயர், பிறந்த வருஷம், இதில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் தொடாதீர்கள்.

வருஷத்திலும் ஒரு சிக்கல். "தனுஷ்கோடி புயலுக்கு முன்னால பொறந்தவன்" என்று பெரியவர்கள் சொன்னால் '1964 டிசம்பருக்கு முன்' என்றே போடுங்கள், ஜெட்காமில் அதற்கு இடமிருக்கிறது. மச்சான் 1961 என்று போட்டிருந்தாலும் அது முரண் இல்லை.

படங்களைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமான ஜெட்காம் ஃபைலில் படம் இருக்கும் இடத்தின் முகவரிதான் வரும், படம் வராது.