சட்டையில் எழுதியதும் முதுகில் ஒட்டியதும்

(நியூ ஜெர்சி அரசுப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை, அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார்.)

என் மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். 'பாலினங்கள் இரண்டே' என்று எழுதிய டி-ஷர்ட் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். ஏப்ரலில் தன்பாலீர்ப்பு மாணவர்களுக்கு ஆதரவாக மௌன தினம் கடைப்பிடிக்கிறார்களாம், அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு போவேன் என்கிறான். அவன் அப்பா, "இது அமெரிக்கா, பேச்சுரிமை உண்டு" என்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்களா? கல்லூரி விண்ணப்பத்தில் இது வருமா?
— ஒரு தாய், நேப்பர்வில், இல்லினாய்

கல்லூரி விண்ணப்பம் இல்லாமல் நம்மவர் கடிதம் முடிவதில்லை. அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். 'காமன் ஆப்' எனப்படும் பொது விண்ணப்பம், பள்ளியில் தண்டனை பெற்றாயா என்று மாணவரிடம் கேட்பதை 2021-லேயே நிறுத்திவிட்டது. சில கல்லூரிகள் தனியாகக் கேட்கின்றன, அவ்வளவுதான்.

இனி சட்டைக்கு வருகிறேன். உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் உங்கள் ஊருக்குப் புதிதல்ல. அதே நேப்பர்வில்லில், நியூக்வா வேலி உயர்நிலைப் பள்ளியில், 2006-ல் ஒரு மாணவி மௌன தினத்துக்கு மறுப்பாக ஒரு சட்டை அணிந்து வந்தாள். 'மகிழ்ச்சியாக இரு, தன்பாலீர்ப்பாளராக இராதே' என்பது அதன் பொருள். பள்ளி அலுவலர்கள் வாசகத்தின் பின்பாதியை மட்டும் மையால் அழிக்க வைத்தார்கள். அவளும் இன்னொரு மாணவரும் நடத்திய வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. 2008-லும் 2011-லும் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர். அந்த வாசகம் பிறரை மட்டம் தட்டுகிறது என்பதுகூட மிகை, அது மிதமான எதிர்ப்புதான், அதனால் பள்ளியில் பெருங்குழப்பம் விளையும் என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லை என்றார். ஒரு தரப்பு பேச இடம் கொடுக்கும் பள்ளி, மறுதரப்பின் வாயை மூட முடியாது என்றும் எழுதினார். வழக்கு நடத்திய இரண்டு மாணவர்களுக்கும் தலைக்கு 25 டாலர் கிடைத்தது. நீங்கள் இருப்பது அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள். ஆக, சட்டைக்காக மட்டும் உங்கள் மகனைத் தண்டிப்பது உங்கள் பள்ளிக்கு எளிதல்ல.

ஆனால் இதே மகன் மாசசூசெட்ஸில் படித்தால் கதை வேறு. மிடில்பரோ என்ற ஊரில் 2023-ல் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஏறக்குறைய உங்கள் மகனின் வாசகத்தையே அணிந்து வந்தான். கழற்று என்றார்கள், மறுத்தான், வீட்டுக்கு அனுப்பப்பட்டான். பிறகு ஒருநாள் நடுச் சொற்களின் மேல் 'தணிக்கை செய்யப்பட்டது' என்ற பட்டியை ஒட்டிக்கொண்டு வந்தான். (பன்னிரண்டு வயதில் அந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.) அதையும் கழற்றச் சொன்னார்கள். 2024 ஜூனில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்துவிட்டது. அலிட்டோ, தாமஸ் ஆகிய இரு நீதிபதிகள் மட்டும் விசாரித்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். விளைவு, ஏறக்குறைய ஒரே வகை வாசகத்துக்கு ஊருக்கு ஒரு சட்டம்.

இரண்டு தீர்ப்புக்கும் மூலம் ஒன்றுதான். 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டி மாயின் நகரில், வியட்நாம் போருக்காகத் துக்கம் காட்டிக் கையில் கறுப்புப் பட்டி கட்டி வந்த பிள்ளைகளைப் பள்ளி வெளியே அனுப்பியது. அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13. 1969-ல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று பிள்ளைகளின் பக்கம் தீர்த்தது. பள்ளி வாசலோடு மாணவரின் பேச்சுரிமை போய்விடாது என்ற அந்தத் தீர்ப்பைத்தான் உங்கள் கணவர் சொல்கிறார். ஆனால் அதில் ஒரு மறுபக்கம் உண்டு. பாடம் கடுமையாகக் குலைந்தால், அல்லது பிற மாணவர் பத்திரமாகவும் தொந்தரவு இல்லாமலும் இருக்கும் உரிமை மீறப்பட்டால், பள்ளி தலையிடலாம். கறுப்புப் பட்டி யாரையும் தொடவில்லை என்பதால்தான் அந்தப் பிள்ளைகள் வென்றார்கள்.

என் கருத்தைக் கேட்டால், உயர்நிலைப் பள்ளியைப் பொறுத்தவரை போஸ்னர் சொன்னதே சரி. அந்தச் சட்டை எனக்குப் பிடிக்காது. பிடிக்காத சட்டையைச் சகித்துக்கொள்ளப் பதினாறு வயதில் பழகவில்லை என்றால் எப்போது பழகுவது? மிடில்பரோவில் நிலைமை சற்றே வேறு. அங்கே இருந்தவர்கள் இன்னும் சிறு பிள்ளைகள். தங்கள் பாலினத்தைக் காரணம் காட்டிப் பிறர் நடத்திய விதத்தால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை போன மாணவர்கள் இருந்ததைப் பள்ளி அறிந்திருந்தது என்பது வழக்கின் பதிவில் இருக்கிறது. அந்தப் பள்ளியின் தலைவராக நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதை இன்னும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

உங்கள் மகனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். இந்தச் சட்டையை யார் படிக்க வேண்டும் என்று விரும்புகிறாய்? "எல்லோரும்" என்றால் அது கருத்து. வகுப்பில் குறிப்பிட்ட ஒரு பிள்ளையின் பெயர் அவன் வாயில் வந்தால், சட்டையை நீங்களே துவைக்கப் போட்டுவிடுங்கள்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் பரதம் ஆடுகிறான். அதனால் சில பையன்கள் பல மாதங்களாகக் கேவலமான பெயர் சொல்லி அழைக்கிறார்கள். மதிய உணவின்போது அந்தச் சொல்லைத் தாளில் எழுதி முதுகில் ஒட்டிவிட்டார்கள். துணை முதல்வரிடம் போனேன். "வெறும் வார்த்தைகள்தானே, பேச்சுரிமை விஷயத்தில் எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது" என்கிறார். என் மகன் அப்படிப்பட்டவன் அல்ல என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.
— ஒரு தந்தை, எடிசன், நியூ ஜெர்சி

கை கட்டப்படவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

மதிய உணவு அறையில் காவல் நின்ற ஆசிரியை நான். அந்தத் தாள் எப்படி ஒட்டப்படும் என்பது எனக்குத் தெரியும். தோளில் தட்டிப் பேசுவதுபோல் வருவான் ஒருவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் நிற்பார்கள் நால்வர். முதுகில் இருக்கும் தாள் ஒட்டப்பட்டவனுக்குத் தெரியாது, அறை முழுவதற்கும் தெரியும். தன் நெஞ்சில் எழுதிக்கொண்டு வருகிறவன் தன் முகத்தையும் சேர்த்துக் காட்டுகிறான். மற்றவன் முதுகில் ஒட்டுகிறவனுக்குச் சொல்லக் கருத்து எதுவும் இல்லை, அவனுக்கு வேண்டியது ஒரு இரை.

துணை முதல்வர் முழுக்கக் கற்பனையாகவும் பேசவில்லை. 2001-ல் பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் பகுதிப் பள்ளிகளின் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறை, மிகவும் அகலமாக எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்லி அந்த வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் இன்றைய உச்ச நீதிமன்றத்தின் அலிட்டோதான். அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் நியூ ஜெர்சியும் வருகிறது. அன்றிலிருந்து பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு பயம். ஆனால் ஒருவரின் மனம் புண்படும் என்பதற்காகக் கருத்தை மட்டும் தடை செய்வது வேறு, ஒரே பிள்ளையைப் பல மாதங்கள் துரத்துவது வேறு.

நம் மாநிலத்தில் 2011-ல் கையெழுத்தான துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பள்ளிகளில் 'எச்.ஐ.பி.' என்று சொல்வார்கள் (துன்புறுத்தல், மிரட்டல், கொடுமைப்படுத்தல் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்). நீங்கள் வாய்மொழியாகச் சொன்னது போதாது. இன்றிரவே முதல்வருக்கும், பள்ளியின் துன்புறுத்தல் தடுப்பு நிபுணருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள், ஒவ்வொரு பள்ளியிலும் அப்படி ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்த நாள், எந்த இடம், யார் சொன்னார்கள், எந்த ஆசிரியர் அருகில் இருந்தார் என்று எழுதுங்கள். 'இது எச்.ஐ.பி. புகார்' என்று முதல் வரியிலேயே போடுங்கள். ஒரு பள்ளி நாளுக்குள் விசாரணை தொடங்க வேண்டும், எழுத்துப் புகார் வந்த 10 பள்ளி நாட்களுக்குள் முடிய வேண்டும். முடிவு திருப்தி இல்லை என்றால் கல்வி வாரியத்தின் முன் விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடவில்லையே?

கடைசி வரிக்கு வருகிறேன். சட்டத்துக்கு அந்த வரி தேவையில்லை. உண்மையிலேயே தன்பாலீர்ப்பு கொண்டவரா, அல்லது பிறர் அப்படி நினைக்கிறார்களா என்ற வேறுபாட்டை நம் மாநிலச் சட்டம் பார்ப்பதில்லை. டாம்ஸ் ரிவர் பள்ளி மாவட்டத்தில் நாலாம் வகுப்பிலிருந்து இப்படிக் கேலிக்கு ஆளான ஒரு பையனின் வழக்கில், பள்ளியும் பொறுப்பேற்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2007-ல் சொல்லிவிட்டது. சட்டத்துக்குத் தேவையில்லாத அந்த வரியை யாருக்காக எழுதினீர்கள்? பதின்மூன்று வயதுப் பிள்ளை தன்னைப் பற்றி இன்னும் முழுதாகத் தெரிந்துகொண்டிராமல் இருக்கலாம். பிற்பாடு தெரிந்துகொள்ளும்போது, அப்பா எழுதிய அந்த வரி அவன் கண்ணில் பட வேண்டாம். புகாரில் அது இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வெறும் வார்த்தைகள்" என்று சொல்லும் துணை முதல்வர், விஸ்கான்சினின் ஆஷ்லாந்து ஊர் வழக்கைப் படிக்க வேண்டும். ஜேமி நபோஸ்னி என்ற மாணவனுக்கு 1980-களின் இறுதியில் நடுநிலைப் பள்ளியில் தொடங்கியது வார்த்தைகள்தான். பிறகு வகுப்பறையிலேயே அவனைக் கீழே தள்ளிப் பாலியல் வன்முறையைப் போல நடித்துக் காட்டினார்கள். கடைசியில் வயிற்றில் உதைத்தார்கள், உள்ளுக்குள் ரத்தம் கசிந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அவனும் பெற்றோரும் மறுபடியும் மறுபடியும் போய்ச் சொன்னார்கள். வெளிப்படையாக இருந்தால் இப்படித்தான் நடக்கும் என்ற தொனியில் பதில் வந்தது. 1996-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மற்ற மாணவரைக் காக்கும் பள்ளி இவனை மட்டும் காக்காமல் விட்டது சம உரிமைக்கு முரண் என்று வழக்கை நடத்த அனுமதித்தது. ஜூரி பள்ளி நிர்வாகிகளைப் பொறுப்பாளிகள் என்றது. 9 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வழக்கு தீர்ந்தது.

இதனால்தான் சட்டை வழக்குகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. சட்டையைப் பிடிப்பது சுலபம், வாசலிலேயே தெரியும். பிடித்துவிட்டால் பள்ளி ஏதோ செய்ததுபோல் இருக்கும். தாழ்வாரத்திலும் கழிப்பறையிலும் ஆசிரியர்களை நிறுத்தச் செலவாகும், தலைவலியும் கூடவே வரும்.

வானவில் பட்டை அணிந்தால் பாராட்டு, எதிர்த்துப் பேசினால் தண்டனை. ஒருதலைப்பட்சம் இல்லையா?
— ஒரு வாசகர், சான் டியேகோ

உங்கள் பக்கத்து ஊரான போவேயை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே 2004-ல், தன்பாலீர்ப்பு வெட்கக்கேடு என்று பைபிள் வசன எண்ணோடு எழுதிய சட்டை அணிந்த மாணவனை நாள் முழுதும் அலுவலக அறையில் உட்கார வைத்தார்கள். 2006-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளி செய்தது சரி என்றது. மூவரில் ஒருவர் மறுத்து எழுதினார். அடுத்த ஆண்டு, மாணவன் படிப்பை முடித்துவிட்டதால் வழக்குக்கு இனிப் பொருளில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே ஒதுக்கி வைத்தது.

ஒருதலைப்பட்சம் என்கிறீர்கள். ஃப்ளோரிடாவின் ஹோம்ஸ் மாவட்டத்துக்குப் போயிருந்தால் வேறு தலையைப் பார்த்திருப்பீர்கள். போன்ஸ் டி லியோன் உயர்நிலைப் பள்ளியில் முதல்வர் வானவில்லையே தடை செய்தார். வானவில்லைக் கண்டால் பிள்ளைகளின் மனம் படுக்கையறைக்குப் போய்விடும் என்று நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார்! மழை பெய்து வெயில் அடிக்கும் நாட்களில் அந்தப் பள்ளிக்கு விடுமுறை விட்டார்களா என்று தெரியவில்லை. 2008-ல் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி வழக்குப் போட்டு வென்றாள். அவளுக்குத் துணை நின்றதும் அதே 1969 தீர்ப்புதான். நேப்பர்வில்லின் சட்டைக்கும் அதுவே துணை. பள்ளி முதல்வரின் கையில் மை பாட்டிலைக் கொடுத்துவிட்டால், எந்த ஊரில் எந்தப் பாதியை அழிப்பார் என்று நீங்களும் நானும் தேர்ந்தெடுக்க முடியாது.

என் மகள் வீட்டிலிருந்து, இரவில், ஸ்னாப்சாட்டில் எழுதியதற்குப் பள்ளி தண்டிக்கலாமா?
— ஒரு தாய், டாலஸ்

பொதுவாகக் கூடாது. பென்சில்வேனியாவில் சியர்லீடர் குழுவின் முதன்மை அணியில் இடம் கிடைக்காத பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, வார இறுதியில் கடைவாசலில் நின்று கெட்ட வார்த்தையில் பள்ளியைத் திட்டிப் பதிவிட்டாள். ஒரு வருடம் குழுவிலிருந்து விலக்கினார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று அவள் பக்கம் தீர்த்தது. ஆனால் குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்துக் கடுமையாகத் துன்புறுத்தினால், வாசலுக்கு வெளியே நடந்தாலும் பள்ளி கேட்கலாம் என்றும் சொன்னது. வகுப்புத் தோழியின் படத்தைப் போட்டு 'இவள் அப்படியாம்' என்று சுற்றுக்கு விடுவது இரண்டாவது வகை. உங்கள் மகள் எந்த வகையை எழுதினாள் என்று நீங்கள் சொல்லவே இல்லை.

தனியார் பள்ளியில் இவையெல்லாம் பொருந்துமா?
— ஒரு வாசகர், அட்லாண்டா

அரசியலமைப்பில் பேச்சுரிமை தரும் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது. தனியார் பள்ளியில் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் மாணவர் கையேடும்தான் முதலில் பேசும். எடுத்துப் படியுங்கள்.

அத்தை, நான் ஒன்பதாம் வகுப்பு. என் தோழிக்காக எங்கள் பள்ளியில் தன்பாலீர்ப்பு ஆதரவு மன்றம் தொடங்க வேண்டும். "அரசியல் வேண்டாம்" என்கிறார் பிரின்சிபால். பைபிள் மன்றம் மட்டும் நடக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.
— ஒரு மாணவி (ஊர் வேண்டாம்)

அந்த பைபிள் மன்றம்தான் உனக்கு வழி திறந்து வைத்திருக்கிறது. 1984-ல் பள்ளிகளில் பிரார்த்தனை மன்றங்கள் நடத்த வேண்டும் என்று போராடியவர்கள் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மத்திய அரசின் நிதி பெறும் உயர்நிலைப் பள்ளி, பாடத்தோடு சம்பந்தமில்லாத ஒரு மாணவர் மன்றத்துக்கு இடம் கொடுத்தால், கருத்தைக் காரணம் காட்டி இன்னொன்றை மறுக்கக் கூடாது. சால்ட் லேக் நகரில் 1996-ல் இப்படி ஒரு மன்றம் கேட்டபோது, அதைத் தவிர்ப்பதற்காகவே பாடத்தோடு தொடர்பில்லாத மன்றங்கள் அனைத்தையும் கல்வி வாரியம் மூடியது. ஒன்றைத் தடுக்க எல்லாவற்றையும் மூடினார்கள் என்று நினைத்தால் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. பிறகு அந்தத் தடை நீங்கியது.

மன்றத்தை மாணவர்களே தொடங்கி மாணவர்களே நடத்த வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. கையெழுத்திட இன்னும் சிலரைச் சேர்த்துக்கொள். எழுத்தில் விண்ணப்பி, மறுப்பையும் எழுத்தில் வாங்கு. சில மாநிலங்களில் மன்றத்தில் சேரப் பெற்றோர் அனுமதி வேண்டும், உன் பள்ளியின் விதியை முதலில் பார்த்துவிடு. இன்னொன்று, உன் தோழியின் பெயரை விண்ணப்பத்திலும் எழுதாதே, வீட்டிலும் சொல்லாதே. அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவளுடைய முடிவு.