அழுதது அம்மா, மாத்திரை எனக்கு

கேள்வி இதுதான்: வீட்டில் ஒருவர் இறந்து மாதங்கள் ஆகியும் மனம் தேறவில்லை என்றால் அது சாதாரண துக்கமா, டிப்ரஷன் என்கிற மனச்சோர்வு நோயா, எப்படித் தெரிந்துகொள்வது? நான் மருத்துவன் இல்லை. ஒரே வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவன்.

அப்பா மாரடைப்பில் போனார். அம்மா அழாத நாள் கிடையாது. சாயங்காலம் பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்துவிட்டு, ஒன்றைத் திருப்பி வைக்க மனசு வராமல் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். அப்பா கூப்பிடுகிற மாதிரி கேட்கிறது என்பாள். (இது துக்கத்தில் பலருக்கும் வருவதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.) வந்தவர்கள் எல்லோரும் "அம்மாவைப் பாத்துக்கப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் பதினாறாம் நாள், அப்பா மண்டபம் மாறிப்போய் யார் வீட்டுக் கல்யாணத்திலோ சாப்பிட்டு மொய்யும் எழுதிவிட்டு வந்த கதையைச் சித்தி எடுத்தபோது, கண்ணீரோடு விழுந்து விழுந்து சிரித்தவளும் அம்மாதான். பேத்தி மடியில் ஏறினால் அரைமணி நேரம் முகம் தெளியும். அப்புறம் மறுபடி அழுகை.

எனக்குக் கண்ணீரே வரவில்லை. காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். மூன்றாம் மாதம் வாக்கில் தினமும் விடிகாலை மூன்றரைக்கு விழிப்பு. காலைதான் ரொம்ப மோசம், எழுந்து பல் தேய்க்கவே ஒரு மணி நேரம். சாப்பாட்டில் ருசி இல்லை, ஏழு கிலோ இறங்கினேன். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் உள்ளே எதுவும் அசையவில்லை. எண்ணமும் அப்பாவைச் சுற்றி இல்லை. "வாயுப் பிடிப்புன்னு சொன்னாரே, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கணும்" என்று ஆரம்பித்து, நான் எதற்கும் லாயக்கில்லாதவன், இவர்களுக்கெல்லாம் பாரம் என்பதில் போய் நிற்கும்.

மனநல மருத்துவர் கேட்ட கேள்வியை மறக்க முடியாது. "அப்பா இல்லாம உலகம் வெறிச்சுன்னு இருக்கா, இல்ல உங்களையே உங்களுக்குப் பிடிக்கலையா?" உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய ஃபிராய்ட் 1917-லேயே ஏறக்குறைய இதே கோட்டைப் போட்டிருக்கிறார். துக்கத்தில் உலகம் காலியாகிறது, மனச்சோர்வில் 'நான்' காலியாகிறது.

இதில் நாள் கணக்கும் உண்டு. மனவாட்டமோ எதிலும் நாட்டமின்மையோ இருந்து, தூக்கம், பசி, குற்றவுணர்வு மாதிரியான ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இரண்டு வாரம் நாள் முழுக்க நீடித்தால் டாக்டர்கள் டிப்ரஷனை யோசிப்பார்கள். அமெரிக்க மனநலக் கையேட்டில், இழப்பு நடந்த முதல் இரண்டு மாதம் பொதுவாக அப்படிச் சொல்லவேண்டாம் என்று ஒரு விலக்கு இருந்தது. 2013 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். துக்கத்தையும் நோயாக்கிவிட்டார்கள் என்று அப்போது பலர் சண்டை போட்டார்கள். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் "அப்பா போன துக்கம், சரியாயிடும்" என்று நாலு மாதம் கடத்தியவன் என்ற முறையில், எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஒரு வருஷத்துக்கு மேலும் இறந்தவருக்கான ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் அன்றாடத்தை முடக்கினால் அது நீடித்த துக்கக் கோளாறு. அதற்கு முக்கியமாக மனநல நிபுணரோடு பேசிப் பெறும் சிகிச்சைதான்.

"அவர்கிட்டயே போயிடலாம் போல இருக்கு" என்று அம்மாவும் சொன்னாள். துக்கத்தில் பலர் சொல்வது. நான் நினைத்தது "நான் இல்லாட்டி இவங்களுக்கு நல்லது" என்று. இந்த இரண்டாவது வகை தலைகாட்டினாலோ, முதல் வகையில் இருப்பவரே எப்படிப் போவது என்று வழி யோசிக்க ஆரம்பித்தாலோ, நாள் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

எனக்குத் தைராய்டு, வைட்டமின் பி12 பார்த்துவிட்டுத்தான் மாத்திரை எழுதினார். மூன்றாம் வாரம் தூக்கம் வந்தது. ஆறாம் வாரம், பீரோவில் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அவர் கையெழுத்தில் ஒரு மளிகைச் சீட்டு வந்தது. 'உளுந்து 1 கிலோ, கட்டிப் பெருங்காயம்.' அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மா பயந்துபோய், "மாத்திரை ஒத்துக்கல போலிருக்கு, டாக்டருக்குப் போன் போடு" என்றாள்.