ஆக்சிமீட்டரில் 97 காட்டுகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது

கேள்வி: எனக்கு வயது 44, ஈரோட்டில் இருக்கிறேன். கொரோனா சமயத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரில் அவ்வப்போது பார்ப்பேன். 96, 97 என்றுதான் காட்டும், 100 வந்ததே இல்லை. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் முப்பது முறை வேகமாகவும் ஆழமாகவும் மூச்சை இழுத்து விட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். செய்து பார்த்தால் தலை கிறுகிறுக்கிறது, விரல் மரத்துப் போகிறது, உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கிறது. நச்சு வெளியேறுவதன் அறிகுறி அது என்கிறார்கள். என்னைப் பார்த்துக் கல்லூரியில் படிக்கும் மகனும் கிணற்றில் குதிக்கும் முன் இதைச் செய்கிறான். தொடரலாமா? எனக்கு ஆக்சிஜன் குறைவா? மாதவிலக்கு எட்டு நாள் வரை நீடிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: வேண்டாம், நிறுத்திவிடுங்கள். மகனையும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். அவர் செய்வது நீங்கள் செய்வதைவிடப் பல மடங்கு ஆபத்து, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த 97. அது குறைவே இல்லை. 95-க்கு மேல் எது வந்தாலும் நல்ல அளவுதான், அதோடு வீட்டில் வைத்திருக்கும் இந்தக் கருவிகள் இரண்டு மூன்று புள்ளி முன்னே பின்னே காட்டக்கூடியவை. நகப்பூச்சு, மருதாணி, குளிர்ந்துபோன விரல் எல்லாமே எண்ணைக் கெடுக்கும். எனவே 97-ஐ எப்படி 100 ஆக்குவது என்ற கவலையை விட்டுவிடலாம்.

சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொரு மூச்சிலும் சுமார் அரை லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். அதில் 150 மில்லி தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிடும், மிச்சம் 350 மில்லிதான் நுரையீரலின் காற்றுப் பைகளுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தப் பைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவற்றின் சுவர் அவ்வளவு மெல்லியது என்பதால் ஆக்சிஜன் தானாகவே கசிந்து பக்கத்தில் ஓடும் ரத்தத்துக்குள் போய்விடும். ஒரு சிவப்பணு அந்த இடத்தைக் கடக்க முக்கால் விநாடிதான் ஆகிறது, ஆரோக்கியமான நுரையீரலில் அந்த நேரத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே அது நிரம்பிவிடுகிறது. இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன், வெளியே விடும் காற்றிலும் இன்னும் 16 சதவீதம் மிச்சம். (மூச்சு நின்றவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதுகிறோமே, அது பலன் தருவதற்குக் காரணம் இந்த மிச்சம்தான்.) அதாவது சும்மா இருக்கும்போதே தேவைக்கு மேல் இழுத்து, மிஞ்சியதை வெளியே விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், இதில் இன்னும் வேகமாக இழுத்து எதைச் சேர்க்கப் போகிறோம்?

சரி, அப்படியென்றால் மாடி ஏறும்போது ஏன் மூச்சு வாங்குகிறது? உங்கள் கேள்வியின் கடைசி வரியில் சொன்ன அந்த எட்டு நாள் மாதவிலக்கின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஆக்சிஜன் ரத்தத்தில் அப்படியே கரைந்து போவது மிகச் சொற்பம், 100 மில்லி ரத்தத்துக்கு 0.3 மில்லி. மற்றதெல்லாம் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினில் ஏறித்தான் போகிறது. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு இடம் உண்டு, நாலு பேர் உட்காரும் ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிமீட்டர் விரல் வழியாகச் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் அனுப்பி, இருக்கிற ஆட்டோக்களில் எத்தனை சதவீதம் இருக்கை நிரம்பியிருக்கிறது என்று மட்டும் சொல்லும். ஸ்டாண்டில் மொத்தம் எத்தனை ஆட்டோ இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஹீமோகுளோபின் (100 மில்லி ரத்தத்துக்கு) 12 கிராம் இருப்பவருக்கும் 97 காட்டும், 8 இருப்பவருக்கும் அதே 97 காட்டும்.

ஆனால் கணக்குப் போட்டால் வித்தியாசம் பெரிது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 12 கிராம் இருந்தால் 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய பதினைந்தரை மில்லி ஆக்சிஜன், 8 கிராம் இருந்தால் பத்தரைகூட வராது. நீங்கள் மூச்சை இழுத்து இழுத்து 97-ஐ 99 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது அரை மில்லிக்கும் குறைவு, ஹீமோகுளோபின் நான்கு கிராம் குறைந்தால் போவது ஐந்து மில்லி. அந்தக் குறையை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது, அதுதான் படபடப்பு. மாதம் எட்டு நாள் உதிரம் போகிறது என்றால் இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வந்திருக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள், ஆனாலும் வீட்டில் ஆக்சிமீட்டர் வாங்கி வைக்கிற நாம் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

அடுத்து அந்தக் கிறுகிறுப்பு. நச்சு எதுவும் வெளியேறவில்லை, வெளியேறுவது கரியமில வாயு, அதுவும் போகக் கூடாத அளவுக்கு. ரத்தத்தில் அது ஓர் அளவு இருந்தே ஆக வேண்டும். வேகவேகமாக மூச்சு விட்டால் கொஞ்ச நேரத்திலேயே அந்த அளவு சரிந்துவிடும், உடனே மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், மூளைக்குப் போகிற ரத்தமே குறைந்துவிடும். ரத்தத்தின் அமிலத்தன்மை மாறுவதால் சுதந்திரமாக இருக்கும் கால்சியம் குறைந்து விரல் மரத்துப்போகும், உதடு குறுகுறுக்கும், சிலருக்குக் கை அப்படியே மடங்கி இறுகிக்கொள்ளும். இது போதாதென்று, கரியமில வாயு குறைந்தால் ஹீமோகுளோபின் தன்னிடம் உள்ள ஆக்சிஜனை எளிதில் இறக்கிவிடாது. 1904-லேயே கிறிஸ்டியன் போர் என்ற டென்மார்க் உடலியல் அறிஞர் இதைக் கண்டு சொல்லிவிட்டார் (இயற்பியலாளர் நீல்ஸ் போரின் அப்பா இவர்). ஆக மீட்டரில் எண் ஏறுகிறது, மூளைக்கோ கிடைப்பது குறைகிறது!

இப்போது மகன் விஷயத்துக்கு வருவோம். மூச்சை அடக்கும்போது ‘இனி முடியாது, மூச்சு விடு’ என்று உந்துவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவது அல்ல, கரியமில வாயு சேர்வதுதான். குதிக்கும் முன் வேகமாக மூச்சு விட்டு அதை வெளியேற்றிவிட்டால் அந்த உந்துதல் தாமதமாகத்தான் வரும். அதனால்தான் அவருக்குத் தண்ணீருக்குள் அதிக நேரம் இருக்க முடிவது போலத் தோன்றுகிறது. ஆக்சிஜன் சேமிப்போ பெரிதாகக் கூடுவதில்லை, உள்ளே அது தீர்ந்துகொண்டே வரும். மூச்சு முட்டுகிற உணர்வு வருவதற்கு முன்பே, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீச்சல் தெரிந்த பையன்களே இப்படி மூழ்கி இறந்திருக்கிறார்கள். மேலே நிற்பவர்களுக்கு ‘மூச்சடக்கி விளையாடுகிறான்’ என்றுதான் தோன்றும். மூச்சடக்கும் போட்டியே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

பிராணாயாமம் செய்கிறவர்கள் கோபிக்க வேண்டாம். மெதுவாக, நிமிடத்துக்கு ஆறேழு முறை நிதானமாக இழுத்து விடுவது மனதைத் தணிக்கும், தாராளமாகச் செய்யலாம். அதை ஆக்சிஜன் ஏற்றும் வித்தை என்று விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் ரத்த அணுக்களின் முழுப் பரிசோதனை, அதாவது சிபிசி, அதோடு ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு. ஹீமோகுளோபினை மட்டும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 12-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை தருவார். அதை டீ, காபியோடு விழுங்காதீர்கள், இரும்பை உடம்பில் சேரவிடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையால்தான். அப்புறம், மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு விட்டுவிடக் கூடாது, ஏன் எட்டு நாள் போகிறது என்று மகப்பேறு மருத்துவரிடம் காட்டி ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள், கர்ப்பப்பைக் கட்டி இந்த வயதில் சகஜம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் மூச்சு வாங்கினால் இசிஜி, எக்கோ, நுரையீரல் பரிசோதனை என்று அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஆக்சிமீட்டரைத் தூக்கிப்போட வேண்டாம். சளி, காய்ச்சல், வீசிங் என்று வரும்போது ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கை சூடாக இருக்கும்போது மாட்டி, எண் ஆடாமல் நிற்கும் வரை பாருங்கள். 92-க்குக் கீழே நின்றாலோ, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ மறுபடி மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.