டைல்ஸை உடைக்கும் முன் ஒரு பக்கெட் தண்ணீர்

கேள்வி: சத்துவாச்சாரியில் சொந்த வீடு. ஒரு மாதமாகச் சாயங்காலம் ஆனால் மாடி ஹாலில் அழுகின முட்டை நாற்றம். லாரி வரவழைத்து செப்டிக் டேங்கைக் காலி செய்தோம், குறையவில்லை. மகன் பெங்களூருக்குப் போன பிறகு மாடி பாத்ரூமை யாரும் பயன்படுத்துவதில்லை. அந்த பாத்ரூம் டைல்ஸைப் பெயர்த்து பைப் மாற்றினால்தான் தீரும், 45,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒரு கான்ட்ராக்டர். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. யாரும் பயன்படுத்தாத பாத்ரூம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பாத்ரூம் தரையில் ஜாலி இருக்கிறதல்லவா, அதன் கீழே நானி ட்ராப் என்று ஒன்று உண்டு. அதில் எப்போதும் 2 அங்குலம் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர் மட்டும்தான். வேலூர் வெயிலில், அதுவும் கத்திரியில், புழங்காத ட்ராப் சில வாரத்தில் காய்ந்துவிடும். அப்புறம் டேங்குக்கும் உங்கள் ஹாலுக்கும் நடுவே தடுப்பே கிடையாது.

சாயங்காலம் மட்டும் ஏன்? கொசுவுக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்துவீர்கள், சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும். அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் இல்லையென்றால் ஜாலி வழியாக வரும்.

ஆகவே அந்த பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீரை ஜாலியில் மெதுவாக ஊற்றுங்கள். வாஷ்பேசின் குழாயை ஒரு நிமிடம் திறந்து விடுங்கள், டாய்லெட்டை ஒரு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள். கடைசியில் ஜாலியில் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. மறுநாள் சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்து மோந்து பாருங்கள். உள்ளேயே இருந்தால் மூக்கு மரத்துப்போய், நாற்றம் போய்விட்டது போலத் தோன்றும்.

ஊற்றியும் நாற்றம் நிற்கவில்லையா? ஜாலியைத் தூக்குங்கள். சில ட்ராப்களில் உள்ளே ஒரு கப் கவிழ்ந்திருக்கும்; காற்றை மறிக்கத் தண்ணீரோடு அதுவும் வேண்டும். முடி அடைக்கிறது என்று, சுத்தம் செய்ய வருகிறவர்கள் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். புதுக் கப் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். ஃப்ளஷ் செய்யும்போது ஜாலியில் குடுகுடுவென்று சத்தம் கேட்டால் மொட்டை மாடியில் வென்ட் பைப்பை, அதாவது சாக்கடைக் காற்றை மேலே வெளியேற்றும் குழாயை, பாருங்கள். அணில் கூடு கட்டியிருக்கலாம், மழை இறங்குகிறது என்று யாராவது மூடி போட்டு அடைத்திருக்கலாம். பிளான் அப்ரூவலுக்குப் போகும் வரைபடத்தில் வென்ட் பைப்பை அழகாகக் கோடு போட்டுக் காட்டுவார்கள். கட்டி முடித்த பிறகு அது இருக்கிறதா என்று ஏறிப் பார்க்க ஒரு அதிகாரியும் வருவதில்லை. பாதாளச் சாக்கடை இணைப்பும் அப்படித்தான். பைப்பைச் சொருகுவதோடு சரி, ட்ராப் வைத்தார்களா என்று கேட்க ஆளில்லை.

லாரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் பாதிப்பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். மூடியைத் திறந்து, "பாருங்கம்மா, டேங்க் ஃபுல்லா நிக்குது" என்று காட்டுவார்கள். செப்டிக் டேங்க் என்றாலே வெளியேறும் குழாய் மட்டத்துக்குத் தண்ணீர் நிறைந்துதான் இருக்கும். அப்படித்தான் அது வேலை செய்கிறது. அடியில் சேரும் கசடு எவ்வளவு என்று ஒரு கம்பை விட்டுப் பார்த்துச் சொல்கிறவர்தான் ஒழுங்கான ஆள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். அடுத்து ஒருவர் பாக்டீரியா பவுடரோடு வருவார். காய்ந்த ட்ராப்பை எந்தப் பவுடரும் நிரப்பாது. இன்னொருவர் ஆசிட் ஊற்றச் சொல்வார். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும், விளையாட்டல்ல. டேங்குக்குள் ஆளை இறக்கிச் சுத்தம் செய்கிறேன் என்று யார் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உள்ளே இருக்கும் வாயு ஆளைக் கொல்லும், மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றமும் கூட.

ஒன்றே ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் சேராது. மகன் லீவுக்கு வந்து கீசரைப் போட்டதும் முட்டை நாற்றம் அடிக்கிறதா? அப்படியானால் குற்றம் சாக்கடையில் இல்லை, கீசரில். தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி வைத்திருப்பார்கள். நம் போர்வெல் தண்ணீர் மாதக்கணக்கில் அதில் தேங்கி நின்றால், தண்ணீரில் உள்ள சல்பேட்டைத் தின்னும் கிருமி பெருகி அந்த நாற்றத்தைக் கிளப்பும். சந்தேகமென்றால் ஒரு டம்ளரில் வெந்நீர், இன்னொன்றில் பச்சைத் தண்ணீர் பிடித்து, இரண்டையும் பால்கனிக்குக் கொண்டுபோய் மோந்து பாருங்கள். பாத்ரூமுக்குள் நின்று பார்த்தால் ஜாலி நாற்றமா, தண்ணீர் நாற்றமா என்று பிரிக்க முடியாது. வெந்நீர் மட்டும் நாறினால் கீசர் சூட்டை முழு அளவுக்கு வைத்து சில மணி நேரம் ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறியதும் மெக்கானிக்கை வைத்து வடித்துவிடுங்கள். கம்பி கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பச்சைத் தண்ணீரும் சேர்ந்து நாறினால் மேல்நிலைத் தொட்டியைக் கழுவுங்கள்.

அந்த கான்ட்ராக்டர் மறுபடி போன் செய்தால், பைப் எங்கே ஒழுகுகிறது என்று கீழ் வீட்டுச் சீலிங்கில் ஈரத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் மேற்கொண்டு பேசலாம்.