‘பில் கட்டியாச்சு’ என்று பதில் போட்டது தப்பா?

கேள்வி: போன வாரம் சாயங்காலம் எனக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. ‘போன மாத பில் அப்டேட் ஆகவில்லை, இன்றிரவு 9.30-க்கு கரண்ட் கட் செய்யப்படும், இந்த அதிகாரியைக் கூப்பிடவும்’ என்று இங்கிலீஷில் இருந்தது. நான் 4-ஆம் தேதியே கட்டிவிட்டேன். அதனால் ‘பில் கட்டியாச்சு’ என்று எங்கள் கரண்ட் கனெக்ஷனின் ஆர்.ஆர். நம்பரையும் சேர்த்துப் பதில் அனுப்பினேன். விஷயம் தெரிந்ததும் மகன் குதிக்கிறான். பேங்கில் இருக்கும் பணம் போய்விடுமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: முதலில் பயத்தை விடுங்கள் அம்மா. பதில் போட்டதால் மட்டும் கணக்கிலிருந்து பணம் போகாது. மகன் குதிப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் காரணமில்லாமல் குதிக்கவில்லை.

அனுப்பியவனுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. ஒரே மெசேஜைக் கண்ட நம்பருக்கெல்லாம் வீசியிருப்பான். பதில் வருகிற நம்பர்தான் அவனுக்கு வேண்டும். இந்த நம்பர் உபயோகத்தில் இருக்கிறது, மெசேஜைப் படிக்க ஆள் இருக்கிறார், கரண்ட் என்றால் பதறுகிறார் என்று தெரிந்துவிடும். ‘ராங் நம்பர்’ என்று போட்டாலும், ‘ஸ்டாப்’ என்று போட்டாலும், கன்னடத்தில் நாலு திட்டு திட்டினாலும் அவனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஆர்.ஆர். நம்பரைக் கொடுத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. இனி போன் வரலாம். அதே நம்பரை உங்களிடமே ஒப்பித்து, “கட்டியிருக்கிறீர்கள் மேடம், சிஸ்டத்தில் ஏறவில்லை. பத்து ரூபாய் கட்டினால் சரியாகிவிடும்” என்பார்கள். நம் நம்பரை அவர் சொன்னதுமே நிஜ ஆபீசர் என்று மனசு நம்பிவிடும். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் (தொட்டால் போனில் ஆப் ஏற்றும் ஃபைல்) வரும், அல்லது உங்கள் ஸ்க்ரீனை அவர்கள் பார்க்கும்படியான ஆப் ஒன்றை இறக்கச் சொல்வார்கள். இறக்கிவிட்டால் ஓடிபியை நீங்கள் வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டாம், அங்கிருந்தே படித்துக்கொள்வார்கள். பணம் போவது இந்த இடத்தில்தான்.

9.30 என்பதும் சும்மா போட்ட நேரமில்லை. ஆபீஸ் மூடியிருக்கும், ஃப்ரிட்ஜில் நாளைய இட்லி மாவு இருக்கும், யாரைக் கேட்பது என்று கை உதறும். பெங்களூரு மின்சாரக் கம்பெனியான பெஸ்காமின் உதவி எண் 1912 ராத்திரியிலும் உண்டு, அதில் கேளுங்கள். கம்பெனிகளின் நிஜ எஸ்எம்எஸ், எழுத்துகளாலான அனுப்புநர் பெயரில் வரும். சாதாரண 10 இலக்க மொபைல் நம்பரிலிருந்து வராது.

இப்போதைக்கு அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டு, மகனை விட்டு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் புகார் போடச் சொல்லுங்கள். பணம் போகாதபோது அதுதான் இடம். போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930.

அந்த ‘அதிகாரி’யைக் கூப்பிட்டீர்களா என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. கூப்பிட்டு, அவர் சொன்ன எதையாவது போனில் இறக்கியிருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம். உடனே நெட்டை அணைத்துவிட்டு, மகன் போனிலிருந்து பேங்கைக் கூப்பிடுங்கள்.